மறைபுள்ளி

ஓவியம் குறித்துப் பேசுவோர் ‘மறைபுள்ளி’ என்றொரு சொல்லைக் கையாள்வர். இருப்புப்பாதையின் இரு தண்டவாளங்களும் தொலைவில் ஒன்றுகூடுவதாகத் தோன்றுகின்றன அல்லவா? அவ்விடமே மறைபுள்ளி. தட்டையான சுவரில் ஆழத்தைக் காட்ட விழையும் ஓவியன், உள்நோக்கி ஓடும் கோடுகளை எல்லாம் அங்கே கூட்டுகிறான்.

ஃபுளோரன்ஸ் நகரின் சாந்தா மரியா நொவெல்லா ஆலயத்தில் 1427 அளவில் மசாச்சோ தீட்டிய மூவொரு கடவுள் சுவரோவியம் இம்முறையின் தொடக்ககாலச் சான்றுகளுள் ஒன்று. ஆல்பெர்ட்டி இதனை விளக்கி நூல் எழுதியது 1435இல்தான். இங்கும் இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது. சிலுவையின் அடியை ஒட்டி, தரையில் நிற்பவரின் கண்மட்டத்தில் மறைபுள்ளி அமைந்துள்ளது. ஆகவே வளைகூரை நம் தலைக்கு மேலே உயர்ந்து, சுவரைக் குடைந்து செல்வதாகவே காண்கிறோம்.

ஆனால், சிலுவையைப் பின்னின்று தாங்கும் தந்தையின் உருவம் இக்கணக்கிற்கு உட்படவில்லை. கீழிருந்து நோக்குவோர்க்கு அது குறுகித் தெரிதல் வேண்டும். அவரோ நேருக்கு நேர் காணப்படுபவராய் நிற்கிறார். கை தவறியதோ? கூரையின் கட்டங்களை அத்துணை நுட்பமாய் அளந்த கை அங்கு மட்டும் தவறியிருக்கும் என நாம் கருதவில்லை. மனிதக் கண்ணையே அளவுகோலாக்கிய முறை அது. அவ்வளவுகோலுக்குள் தந்தையை அடக்க ஓவியர் இசையவில்லை என்றே கொள்கிறோம்.

1570 அளவில் வசாரி எழுப்பிய பீடம் இவ்வோவியத்தை மறைத்தது. ஏறக்குறைய 1860 வரை வழிபட வந்தோர் எவரும் அதனைக் கண்டிலர்.