வெறும் அரிசி

டோக்கியோவுல ஒரு சின்னக் கடையில ரெண்டு சாக்கே வாங்கி வெச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். கின்ஜோ, அரிசியை 40 சதவீதமாவது தீட்டித் தள்ளிட்டுச் செய்யறது. ஜில்லுனு, பழ வாசனையோட. பச்சை மீனுக்கு அதுதான் சரி. இன்னொண்ணு ஜுன்மாய், இளஞ்சூட்டில். சுட்ட கானாங்கெளுத்திக்கு அதை அடிச்சுக்க ஆளில்லைங்க!

'ஜுன்மாய்'னா கலப்பில்லாத அரிசின்னு அர்த்தம். சாக்கேயே அரிசிச் சரக்குதானே, இதை ஏன் தனியாச் சொல்லணும்? அங்கதான் கதையே.

இரண்டாம் உலகப்போரிலும் அதற்குப் பின்னும் ஜப்பானில் சாப்பிடவே அரிசி இல்லை. ஆகவே ஊறலில் ஆல்கஹால், குளுக்கோஸ், அமிலம் எல்லாம் கலந்து மூணு மடங்காக்கினார்கள். பெயர் 'சன்சோஷு'. பிறகு பஞ்சம் தீர்ந்தது. கலப்பு தீரவில்லை, லாபமாச்சே! 2006-ல் சட்டம் மாறிய பிறகுதான் அந்த அளவு கலந்ததை 'செய்ஷு' என்ற சாக்கேயின் சட்டப் பெயரில் விற்க முடியாமல் போனது. 2024-ல் பாரம்பரியத் தயாரிப்பு முறை யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது.

பசிக்குக் கலந்ததை மன்னிக்கலாம். பசி போன பிறகும் கலந்ததுக்குப் பதில்தான் லேபிளில் இருக்கும் அந்த ரெண்டு எழுத்து. அடுத்த கிண்ணத்தைக் கொஞ்சம் மரியாதையாவே எடுத்தேன்.