இறந்தவர் பெயரில் நிற்கும் பற்று: லினக்ஸ் கர்னலில் நினைவகக் கணக்கின் வரலாறு

மும்பை தாதரின் பழைய சால்களில், பகடி முறையில் குடியிருக்கும் சில குடும்பங்களின் வாடகை ரசீதில் எப்போதோ மறைந்த பாட்டனாரின் பெயரே நிற்பதுண்டு. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்போருக்குப் பாதுகாப்பளித்தது. பெயரை மாற்றப் போனால் வீட்டு உரிமையாளருடன் புதிய பேரம் தொடங்கும் என்னும் அச்சத்தில் ரசீது பழைய பெயரிலேயே தொடரும். ஆள் இல்லை, பெயர் இருக்கிறது, பெயர் இருக்கும்வரை அறையும் விடுபடுவதில்லை. இயங்குதளங்களின் வரலாற்றில் இதையொத்த சிக்கல் ஒன்று பல ஆண்டுகள் நிரலர்களை அலைக்கழித்தது.

கர்னலின் அடிப்படைப் பணிகளுள் ஒன்று நினைவகத்தைப் பகிர்ந்தளிப்பது. பெரும்பாலான கணினிகளில் நினைவகம் 4096 பைட்டு கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்படுகிறது. கேட்போருக்குப் பக்கம் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் திரும்பப் பெற வேண்டும். நினைவகம் முற்றிலும் தீர்ந்துவிட்டால் கர்னல் ஏதேனும் ஒரு செயல்முறையைத் தேர்ந்து கொன்றுவிடும். ஒரே சேவையகத்தைப் பலர் பகிரும்போது இத்தேர்வு நீதி சார்ந்த கேள்வியாகிறது. எவர் எவ்வளவு எடுத்தார் என்னும் கணக்கு இல்லையெனில், ஒருவரின் பேராசைக்கு மற்றொருவரின் நிரல் பலியாகும்.

இக்கணக்கு லினக்ஸுக்குள் வந்த கதையில் இந்தியாவுக்கு நேரடிப் பங்குண்டு. ஐபிஎம்மின் இந்திய லினக்ஸ் தொழில்நுட்பக் குழுவைச் சேர்ந்த பல்பீர் சிங், வைத்தியநாதன் சீனிவாசன் ஆகியோர் 2007இல் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் நினைவகக் கட்டுப்படுத்தியின் சவால்கள் குறித்துக் கட்டுரை அளித்தனர். கூகுளின் பால் மெனேஜ் உருவாக்கிய கட்டுப்பாட்டுக் குழு என்னும் சட்டகம் 2008 ஜனவரியில் 2.6.24 பதிப்பில் சேர்ந்தது. பல்பீர் சிங்கும் பாவெல் எமெலியானோவும் எழுதிய நினைவகக் கட்டுப்படுத்தி அவ்வாண்டு ஏப்ரலில் 2.6.25 பதிப்பில் இணைந்தது. பின்னர் வந்த டாக்கர், குபர்னெட்டீஸ் போன்றவை நினைவக வரம்பு விதிப்பதற்கு இந்த அடித்தளத்தையே சார்ந்திருந்தன. இந்திய மென்பொருளின் வரலாறு பெரிதும் சேவை ஏற்றுமதியின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அவ்வரலாற்றில் இடம்பெறாத பணி இது.

ஆனால் எந்தக் கணக்குக்கும் ஒரு செலவு உண்டு. ஒவ்வொரு பக்கமும் எந்தக் குழுவுக்கு உரியது என்று குறித்துவைக்க, ஒரு கட்டத்தில் பக்கத்துக்கு ஐந்து சுட்டிகள் தேவைப்பட்டன. 64 பிட் கணினியில் அது 40 பைட்டு. அதாவது மொத்த நினைவகத்தில் ஏறக்குறைய 1 விழுக்காடு. 4 ஜிபி நினைவகத்தில் 40 எம்பி கணக்கேட்டுக்கே போய்விடும். டெபியன் போன்ற வெளியீடுகள் இந்த வசதியை இயல்பு நிலையில் அணைத்தே வைத்திருந்ததில் வியப்பில்லை. மேலும், பக்கம் ஒவ்வொன்றுக்கும் பொது எண்ணியைப் பூட்டித் திறக்க வேண்டியிருந்தது. ஜப்பானியரான கமெசவா ஹிரோயுகி, ஒவ்வொரு செயலியும் 32 பக்கங்களுக்கான பற்றை முன்கூட்டியே எழுதிக்கொள்ளும் முறையை 2.6.33 பதிப்பில் கொண்டுவந்தார். வேகத்துக்காகத் துல்லியத்தில் சிறிது விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு அது. 2015இல் 3.19 பதிப்பில் யோஹன்னஸ் வைனர் அந்தத் தனிக் கணக்கேட்டையே நீக்கி, எஞ்சியிருந்த ஒரே சுட்டியைப் பக்கத்தின் விவரக் கட்டமைப்புக்குள் வைத்தார். எண்ணியின் பூட்டும் போயிற்று.

பகிரப்படும் பக்கத்தை யார் கணக்கில் எழுதுவது என்பதற்கு, முதலில் தொட்டவர் கணக்கில் என்று தொடக்கத்திலேயே விதி வகுக்கப்பட்டது. எளிய விதிதான். ஆயினும் ஒரு குழு தொட்ட கோப்பைப் பின்னர் வேறொரு குழு ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினாலும், பற்று முதல் குழுவின் பெயரிலேயே நிற்கும். 2013இல் 3.8 பதிப்பின் வழியாகக் கிளாபர் கோஸ்டா கர்னல் தனக்காகச் செலவிடும் நினைவகத்தையும் கணக்கில் சேர்த்தபோது சிக்கல் பெருகியது. குழு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்லாப் பக்கங்கள் ஒதுக்கப்பட்டதால் பல பக்கங்கள் அரைகுறையாக நிரம்பிக் கிடந்தன. குழுவை நீக்கிய பின்னும் அதன் பெயரில் ஒரு சிறு பொருள் எஞ்சியிருந்தால், குழுவின் கட்டமைப்பு முழுவதும் நினைவகத்திலேயே தங்கியது. கொள்கலன்களை இடையறாது தோற்றுவித்து அழிக்கும் சேவையகங்களில் இத்தகைய குழுக்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. 2020 அக்டோபரில் வெளியான 5.9 பதிப்பில் ரோமன் குஷ்சின் ஸ்லாப் கணக்கை மாற்றி எழுதினார். அதன்பின் பல குழுக்கள் ஒரே பக்கத்தைப் பகிர்ந்தன. உரிமை பக்கத்துக்கு அன்றிப் பொருளுக்கு எழுதப்பட்டது. குழு மறைந்தால் பற்று தாய்க்குழுவுக்கு மாறியது. ரசீதில் பெயர் மாற்ற ஒரு வழி பிறந்தது.

வழுக்கள் பெரும்பாலும் கை மாறும் இடத்திலேயே பிறக்கின்றன. அடுத்தடுத்த நான்கு பக்கங்களை ஒரே ஒதுக்கீடாகக் கொடுக்கும்போது உரிமையாளர் பெயர் முதல் பக்கத்தில் மட்டும் எழுதப்படுவதுண்டு. அவ்வொதுக்கீடு நான்காகப் பிரிக்கப்பட்டு, பக்கங்கள் தனித்தனியே திரும்பி வந்தால், முதல் பக்கத்தின் பற்று மட்டுமே கழியும்; மற்ற மூன்றின் பற்று கழியாது. நினைவகம் கசியவில்லை, கணக்குதான் கசிகிறது. பிரிக்கும்போதே எல்லாப் பக்கங்களுக்கும் பெயர் எழுதும் திருத்தம் 2021இல் வந்தது. 2024 ஜூலையில் 6.10 பதிப்பில் சுரேன் பாக்தசார்யனும் கென்ட் ஓவர்ஸ்ட்ரீட்டும் இணைத்த ஒதுக்கீட்டுக் கண்காணிப்பு வேறொரு கேள்வியைக் கேட்டது: நினைவகத்தை எடுத்தது நிரலின் எந்த வரி? கேள்வி வேறு, ஆனால் பக்கம் பிரியும் அதே இடத்தில் அடையாளத்தைப் பகிர்ந்தெழுதும் அதே வேலை அதற்கும் தேவைப்பட்டது, அதிலும் திருத்தங்கள் நேர்ந்தன.

கணினியின் வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாகப் படிப்போருக்கு இத்திருத்தங்கள் கண்ணில் படுவதில்லை. சில வரிகளே கொண்ட மாற்றங்கள் அவை. ஆயினும், எண்ணுவது ஒருபோதும் நடுநிலையான செயலன்று என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. முதலில் தொட்டவர் பெயரில் எழுதுவது என்பது இயற்கை விதியன்று. சிலர் எடுத்த முடிவு. கணக்குப் பிழைபட்டால் கொல்லப்படுவது எவருடைய செயல்முறை, பணம் கட்டுவது எவர் என்பவையும் அம்முடிவைப் பொறுத்தவை. கணினி வரலாற்றை ஆராயும் மாணவர்கள் கர்னலின் மாற்றப் பதிவேடுகளை வருவாய்த்துறை ஆவணங்களைப் படிக்கும் கவனத்தோடு படிக்க வேண்டியதன் காரணமும் இதுவே.