மூன்று சீட்டு

மூன்று சீட்டு என்பது 52 சீட்டுகள் உள்ள ஒரே கட்டைக் கொண்டு, ஆளுக்கு மூன்று சீட்டு போட்டு, பந்தயத்தை ஏற்றி ஏற்றி ஆடும் ஆட்டம். வடக்கே தீன் பத்தி என்பார்கள். தெலுங்கில் மூடு முக்கலாட்டா. கிளப்புகளிலும் கோர்ட்டுத் தீர்ப்புகளிலும் ஃப்ளஷ். போக்கர் குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டங்களில் இந்திய வீடுகளுக்குள் நன்றாக வேர்விட்டது இதுதான். தமிழ்நாடு–ஆந்திர எல்லையில் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் சத்தியவேடு பக்கத்து ஊர்களில் இரண்டு பெயருமே செல்லும்.

திருவிழாக்களில் மூன்று சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, ராணி எங்கே என்று கேட்டுக் காசு பறிப்பவர்களையும் தமிழ்நாட்டில் மூணு சீட்டுக்காரர்கள் என்றே சொல்கிறோம். அது கைவித்தை; ஆட்டமே அல்ல. மங்காத்தாவும் வேறு. அதில் நடுவில் வைத்த சீட்டுக்கு இணையானது உள்ளே விழுமா, வெளியே விழுமா என்று காசு கட்டுவார்கள். அங்கே ஆடுகிறவர் முடிவு செய்ய வேறு எதுவும் இல்லை. மூன்று சீட்டில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

இந்தியாவுக்குச் சீட்டு வந்த கதை நீளமானது. பாபர் 1527-இல் சிந்து நாட்டு ஷா ஹசனுக்கு கஞ்சிஃபா சீட்டுகள் அனுப்பியதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அக்பர் காலத்து ஐன்-இ-அக்பரி, பன்னிரண்டு வகையில் வகைக்குப் பன்னிரண்டாக 144 சீட்டுகள் கொண்ட கட்டை விவரிக்கிறது. கையால் வரைந்த அந்த வட்டச் சீட்டுகள் கைவினைப் பொருளாக இன்றும் மிஞ்சியிருக்கின்றன. இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்று நாம் இன்று கலைத்துப் போடும் கட்டு ஐரோப்பியர் வழியாக வந்தது.

மூன்று சீட்டின் நேர் மூதாதை, இங்கிலாந்தின் பிராக் என்ற ஆட்டம். எட்மண்ட் ஹோய்ல் 1751-இல் இதற்கென்றே ஒரு சிறு நூல் எழுதினார். இன்று ஆடப்படும் மூன்று சீட்டு பிராக்கையும் நம்முடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு பளிச்சென்று தெரியும். கைகளின் வரிசை இரண்டிலும் ஒன்றே. சீட்டைப் பார்க்காமல் ஆடுபவர் பாதிப் பணம் கட்டினால் போதும் என்ற சலுகை அங்கும் உண்டு. பார்க்காமல் ஆடுபவரிடம், பார்த்து ஆடுபவர் ‘ஷோ’, அதாவது சீட்டைத் திறந்துகாட்டக் கேட்க முடியாது என்ற விதியும் உண்டு. இவ்வளவு நுணுக்கமான விதிகள் இரண்டு நாட்டில் தனித்தனியே முளைத்திருக்கும் என்று நம்ப முடியாது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் இது இங்கே இறங்கியது என்பதே பொதுவான கருத்து. பிராக்கின் இன்னொரு உறவான போக்கர், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியில் உருவாகி, முதலில் 20 சீட்டிலும் பிறகு 52 சீட்டிலும் ஆடப்பட்டது.

விதிகளைக் கற்க அரை மணி நேரம் போதும். முதலில் எல்லோரும் சமமாக ஒரு தொகையை நடுவில் போடுவார்கள், அது பூட். ஆளுக்கு மூன்று சீட்டு கவிழ்த்துப் போடப்படும். முறை வரும்போது ஒருவர் சீட்டைத் தொடாமலே பணம் போடலாம், அது பிளைண்ட். எடுத்துப் பார்த்துவிட்டும் போடலாம், அவர் சீன். பிளைண்டில் இருப்பவர் நடப்புப் பந்தயத்தின் அளவோ அதன் இரட்டிப்போ கட்டலாம். சீனில் இருப்பவர் அதைப் போல இரண்டு மடங்கிலிருந்து நான்கு மடங்கு வரை கட்ட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ‘பேக்’ சொல்லிவிடலாம். அதுவரை போட்டது போனதுதான். தனக்கு முன்னால் ஆடியவரும் சீனில் இருந்தால், பந்தயம் கட்டிவிட்டு அவரிடம் சைட் ஷோ கேட்கலாம். இருவர் மட்டும் சீட்டை ஒப்பிட்டுக்கொள்வார்கள். சின்ன கை வெளியேறும், சமமாக இருந்தால் கேட்டவர் வெளியேறுவார். கடைசியில் இருவர் மிஞ்சும்போதுதான் ஷோ.

ஒரு கையை நடத்திப் பார்த்தால் இது புரிந்துவிடும். நான்கு பேர், காசுக்குப் பதில் புளியங்கொட்டை. பூட்டுக்கு ஆளுக்கு ஒன்று, ஆக நடுவில் 4. முதல் ஆள் பிளைண்டில் 1 போடுகிறார். இரண்டாமவர் சீட்டைப் பார்க்கிறார். கையில் 5, 6, 7, வகை வேறு வேறு. இரட்டிப்பாக 2 போடுகிறார். மூன்றாமவர் பார்த்துவிட்டுப் பேக். நான்காமவர் பார்க்காமலே 2 போட்டுப் பந்தயத்தை உயர்த்துகிறார். முதல் ஆள் இப்போதுதான் சீட்டை எடுக்கிறார்: பத்து ஜோடி. சீனுக்கு வந்துவிட்டதால் 4 கட்ட வேண்டும். இரண்டாமவரும் 4 கட்டி, முதல் ஆளிடம் சைட் ஷோ கேட்கிறார். அடுத்தடுத்த எண்கள் உள்ள கைக்கு முன் ஜோடி நிற்காது. முதல் ஆள் வெளியே. மிஞ்சிய நான்காமவர், பிளைண்டில் இருப்பதால் 2 மட்டும் கட்டி ஷோ கேட்கிறார். அவர் சீட்டைத் திறந்தால் பெரிய சீட்டு ராணி, அவ்வளவுதான். நடுவில் இருக்கும் 19 கொட்டையும் இரண்டாமவருக்கு. அதில் அவர் போட்டது 7. பார்க்காமலே கடைசிவரை நின்றவர் இழந்ததோ 5 மட்டுமே. பத்து ஜோடியைப் பார்த்து நம்பியவர் இழந்தது 6.

பிளைண்டின் பலம் இங்கேதான். இரண்டே பேர் மிஞ்சும்போது, சீனில் இருப்பவரால் பிளைண்டில் இருப்பவரை ஷோ கேட்க முடியாது. அவர் இரட்டிப்புக் கட்டிக்கொண்டே போக வேண்டும், அல்லது நல்ல கையைக் கவிழ்க்க வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் சீட்டு வந்த உடனே எடுத்துப் பார்த்துவிடுவார்கள். அந்த நொடியிலிருந்து அவர்களுக்குச் செலவு இரட்டிப்பு.

கைகளின் வரிசை மேலிருந்து கீழாக இப்படி: மூன்றும் ஒரே எண்ணாக வரும் டிரையோ, ஒரே வகையில் அடுத்தடுத்து வரும் பியூர் சீக்வன்ஸ், வகை கலந்த சீக்வன்ஸ், மூன்றும் ஒரே வகையான கலர், ஜோடி, கடைசியில் பெரிய சீட்டு. 52 சீட்டிலிருந்து மூன்றை 22,100 விதமாக எடுக்கலாம். அதில் டிரையோ 52, பியூர் சீக்வன்ஸ் 48, சீக்வன்ஸ் 720, கலர் 1,096, ஜோடி 3,744. மிச்சம் 16,440 கைகளில் ஒன்றுமே இல்லை. அதாவது நான்கில் மூன்று தடவை வெறுங்கைதான். ஜோடி கிடைத்தவர் ஏன் அவ்வளவு தைரியமாக ஆடுகிறார் என்பதற்கு இந்த எண்ணே பதில்.

இந்தக் கணக்கில் ஒரு விசேஷம் உண்டு. பியூர் சீக்வன்ஸ் டிரையோவை விட அரிது. ஆனாலும் மரபு டிரையோவைத்தான் மேலே வைத்திருக்கிறது. ஐந்து சீட்டுப் போக்கரில் கலர் 5,108 விதம், சீக்வன்ஸ் 10,200 விதம் என்பதால் கலர்தான் பெரியது. மூன்று சீட்டில் அது தலைகீழ். போக்கர் ஆடிப் பழகியவர் மூன்று சீட்டுக்கு வந்தால் முதலில் தடுமாறும் இடம் இது. ஏஸ்-2-3 எந்த இடத்தில் நிற்கும் என்பது ஆடும் கூட்டத்தைப் பொறுத்து மாறும். உட்காரும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. சின்ன கை ஜெயிக்கும் முஃப்லிஸ், ஏஸ், ராஜா, 4, 7 ஆகியவற்றை ஜோக்கராக்கும் ஏகே-47 என்று கிளை ஆட்டங்களும் நிறைய.

உலகம் முழுவதும் இன்று பரவியிருக்கும் டெக்சாஸ் ஹோல்டெம் வேறு கட்டமைப்பு. கையில் இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. முதலில் மூன்றும், பிறகு ஒவ்வொன்றாக இரண்டும் திறக்கும். ஏழில் சிறந்த ஐந்தே கை. பந்தயச் சுற்று நான்கு. அது பிறந்த ஊர் ராப்ஸ்டவுன் என்று டெக்சாஸ் சட்டமன்றம் 2007-இல் ஏற்றுக்கொண்டது. லாஸ் வேகாஸில் 1970-இல் தொடங்கிய உலகப் போட்டித் தொடரின் முதன்மைப் போட்டியில், 2003-இல் கிரிஸ் மனிமேக்கர் என்ற கணக்கர் இணையத் தகுதிச் சுற்று வழியாக நுழைந்து, 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் வென்றார். இணையப் போக்கர் அலை அங்கிருந்துதான் எழுந்தது. ஹோல்டெமில் பொதுச் சீட்டுகள் கண்ணெதிரே திறப்பதால் கணக்குப் போட இடம் உண்டு. மூன்று சீட்டில் எதிராளியின் பந்தயத்தையும் முகத்தையும் தவிரப் படிக்க வேறெதுவும் இல்லை.

ஆட்டத்தில் இருப்பது திறமையா, அதிர்ஷ்டமா என்ற இந்த வேறுபாடே சட்டத்தில் பெரிய வழக்காயிற்று. 1963 மே மாதம் செகந்திராபாத்தில் கிரெசன்ட் ரிக்ரியேஷன் கிளப்பில் போலீஸ் சோதனை நடந்தது. உள்ளே பணம் வைத்து ரம்மி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆந்திரப் பிரதேச அரசு – கே. சத்தியநாராயணா என்ற அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967 நவம்பர் 22 அன்று தீர்ப்பு சொன்னது. எழுதியவர் நீதிபதி ஹிதாயத்துல்லா. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது, எதை இறக்குவது என்று தேர வேண்டும் என்பதால் ரம்மி முக்கியமாகத் திறமை ஆட்டம் என்றார். ஃப்ளஷ், பிராக் என்று பெயர் சொல்லியே மூன்று சீட்டை முழு அதிர்ஷ்ட ஆட்டத்தின் பக்கம் ஒதுக்கினார். ரம்மியிலும் கிளப் நடத்துபவர் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்று எச்சரித்தார்.

மூன்று சீட்டை முழு அதிர்ஷ்டம் என்பது சற்றே கடுமையான சொல். எப்போது பேக் சொல்வது, எத்தனை சுற்று பிளைண்டில் நிற்பது என்பதில் பழகிய கைக்கும் பழகாத கைக்கும் வித்தியாசம் உண்டு. ஆனாலும் நீதிபதி பார்த்த மையம் சரியானது. இங்கே சீட்டு மாற்ற முடியாது, புதிதாக எடுக்க முடியாது, வந்த மூன்றுதான். ஒரே இரவில் ஒரு வீட்டின் சேமிப்பு கைமாறும் வேகம் இந்த ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பந்தயத்துக்கு உச்ச வரம்பு வைக்காத ஆட்டத்தில் உட்காரவே கூடாது.

சூதாட்டமும் பந்தயமும் அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 34-ஆவது இனம். ஆகவே ஆட்டம் ஒன்றாக இருந்தாலும் சட்டம் எல்லையோடு மாறும். சத்தியவேடு இதற்கு நேரான எடுத்துக்காட்டு. அந்தப் பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. எல்லைத் தகராறில் மத்தியஸ்தம் செய்த படாஸ்கரின் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது, சத்தியவேடு ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக்குப் போயிற்று. 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. பழைய சென்னை மாகாணத்தின் 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கத்து ஊத்துக்கோட்டைக்கும் சத்தியவேட்டுக்கும் பொதுவாக இருந்தது. 1974-இல் ஆந்திரம் தனிச் சட்டம் இயற்றியதும் எல்லையின் இரு பக்கத்துக்கும் இரண்டு சட்டம் என்றாயிற்று. பணம் வைத்து ஆடும் பொது இடத்து மூன்று சீட்டு இரண்டிலுமே குற்றம்தான்.

கைபேசி வந்த பிறகு எல்லைக் கல்லுக்குப் பொருள் குறைந்தது. ஆந்திரம் 2020 செப்டம்பரில் அவசரச் சட்டம் மூலம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுத்தது. தமிழ்நாடு அதே ஆண்டு நவம்பரில் தடை கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சியான சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 3 அன்று ரத்து செய்தது. இணைய ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வந்த நிலையில், ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைந்து 2022 ஜூனில் அறிக்கை தந்தது. புதிய சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அதன் பட்டியலில் ரம்மியும் போக்கரும் இருந்தன. அவை திறமை ஆட்டங்கள் என்று சொல்லி, 2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் இரண்டையும் தடையிலிருந்து விலக்கியது. சட்டத்தின் மற்ற பகுதிகளை ஏற்றது. போக்கர் பற்றி நீதிமன்றங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை: 2017-இல் குஜராத் உயர் நீதிமன்றம் அதைத் திறமை ஆட்டமாக ஏற்க மறுத்திருந்தது.

2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டு இணைய விளையாட்டு ஆணையம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு ஆதார் சரிபார்ப்பையும் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்ட நிறுத்தத்தையும் விதித்தது. உயர் நீதிமன்றம் ஜூன் மாதம் இவற்றை ஏற்றது. இரண்டே மாதத்தில், 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் நாடு முழுவதும் தடை செய்தது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டும் 50 லட்சமும். ஆடி இழந்தவருக்குத் தண்டனை இல்லை.