கிரேக்க விவிலியத்தில் அடியின் சொற்கள்

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் பொதுவாக அடிப்பதற்கே தூப்தோ, பாயோ, பதாஸ்ஸோ, ப்ளேஸ்ஸோ என நான்கு வினைகள் உண்டு. கை, பிரம்பு, சாட்டை என்று அடிக்கும் கருவி மாறினால் அதற்கெனத் தனிச் சொற்கள் வரும். அடித்தது காவலனா, ஜெப ஆலயத்தாரா, ரோமானிய அதிகாரியா என்பதைப் பல இடங்களில் வினையை வைத்தே ஊகித்துவிடலாம்.

பொதுவினைகள் நான்கும் காலத்தைப் பங்கிட்டுக்கொண்டவை. தூப்தோ நிகழ்கால, தொடர்கால வடிவங்களில் மட்டுமே வருகிறது. அடி விழுந்து முடிந்ததாகச் சொல்ல வேண்டிய இடங்களைப் பதாஸ்ஸோவும் பாயோவும் நிரப்புகின்றன. பிரதான ஆசாரியனின் வேலைக்காரன் காது வெட்டப்பட்ட நிகழ்ச்சியில் மத்தேயுவும் லூக்காவும் பதாஸ்ஸோவையும், மாற்குவும் யோவானும் பாயோவையும் எழுதினர். ப்ளேஸ்ஸோ ஒரே ஒருமுறை, வெளிப்படுத்தின விசேஷம் 8:12இல், அடிபட்ட சூரியனைப் பற்றிச் சொல்லும்போது வருகிறது.

பதாஸ்ஸோவுக்கு நீண்ட பின்புலம் உண்டு. எபிரெய வேதத்தைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் கிரேக்கமாக்கிய எழுபதின்மர் மரபில், கடவுளோ போர்வீரனோ ஓங்கி அடிக்கும் இடங்களில் பெரும்பாலும் இதுவே வந்தது. அந்த வாசனை அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்திலும் வீசுகிறது. தேவதூதன் பேதுருவை விலாவில் தட்டி எழுப்பியதும் இதே வினை; சில வசனங்கள் தள்ளி ஏரோதை அடித்துச் சாகடித்ததும் இதே வினை. ஆசிரியர் தெரிந்தே இரண்டையும் எதிரெதிரே வைத்தார் என்று கொள்ள இடமுண்டு.

தூப்தோவுக்கு வாய்த்த பிற்கால வாழ்வு விசித்திரமானது. கி.பி. 4ஆம் நூற்றாண்டளவில் அலெக்சாந்திரியாவின் தியோடோசியஸ் தம் இலக்கண நூலில் இவ்வினையை மாதிரியாக எடுத்து, எல்லாக் காலங்களிலும் ஏவலிலும் செயப்பாட்டிலும் விரித்துக் காட்டினார். அவற்றில் பல வடிவங்களை உயிருள்ள கிரேக்கர் எவரும் பேசியதில்லை. ஆனாலும் பல நூற்றாண்டுகளாக மாணவர்கள் அவற்றை மனப்பாடம் செய்தனர். ஒப்பிக்கத் தவறியவனுக்கு அந்த வினையின் பொருள் செயலிலேயே விளங்கியிருக்கும்.

கையடிக்கு இரண்டு வினைகள் முக்கியம். கொலாஃபிஸோ என்றால் முட்டியால் குத்துவது. பவுல் தம் ‘மாம்சத்தில் முள்’ செய்த வேலைக்கும் இதையே எழுதினார். தமிழ் விவிலியம் அங்கே ‘குட்டுதல்’ என்ற சொல்லைத் தேர்ந்துகொண்டது. ரபிஸோ முதலில் கோலடி. அலைகடலைத் தண்டிக்கப் பாரசீக அரசன் ஜெர்க்சஸ் அனுப்பிய ஆட்களைப் பற்றிச் சொல்லும்போது, கி.மு. 5ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் ஹெரடோடஸ் இதைத்தான் எழுதினார். சுவிசேஷ காலத்துக்குள் அது கன்னத்தில் அறைவதாகிவிட்டது. மத்தேயு 5:39 வலது கன்னத்தைக் குறிப்பிட்டுச் சொல்கிறது. வலக்கைக்காரன் எதிரே நிற்பவனின் வலது கன்னத்தில் அறைய வேண்டுமானால் புறங்கையைத்தான் வீச வேண்டும். யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா அறைக்கு 200 சூஸ் என்ற வெள்ளிக் காசுகள், புறங்கை அறைக்கு 400 சூஸ் என்று அபராதம் விதித்தது. வலியைவிட அவமானத்துக்கே விலை அதிகம்.

கருவியோடு கூடிய அடி சட்டத்தின் எல்லைக்குள் வருகிறது. ஜெப ஆலயத் தண்டனைக்கு மஸ்திகோ. மஸ்டிக்ஸ் என்பது சாட்டை. உபாகமம் 25:3 அடிகளுக்கு 40 என்ற வரம்பு வைத்தது. எண்ணிக்கை பிசகி வரம்பு மீறாதிருக்க 39 என்று வழக்கம் நின்றது. பவுல் இதை ஐந்து முறை பெற்றதாக 2 கொரிந்தியர் 11இல் கணக்குச் சொல்லிவிட்டு, மூன்று முறை பட்ட பிரம்படியை ராப்திஸோ என்று பிரித்துச் சொல்கிறார். பிரம்பு ரோமானிய அதிகாரத்தின் அடையாளம். பிலிப்பி பட்டணத்தில் அதைத் தூக்கி நடந்த சேவகருக்கே ‘பிரம்பேந்திகள்’ என்று பொருள்படும் பெயர். ரோமக் குடிமகனை விசாரணையின்றி அப்படி அடிப்பது போர்சியச் சட்டங்களுக்கும் யூலியச் சட்டத்துக்கும் விரோதம். பவுலை அங்கே அடித்தபின், அவர் ரோமக் குடிமகன் என்று அறிந்து பிலிப்பி அதிகாரிகள் பயந்ததற்குக் காரணம் அதுவே.

சிலுவைக்கு முந்திய வாரடிக்கு மத்தேயுவும் மாற்குவும் ஃபிராகெல்லோ என்றனர். அது லத்தீன் ஃப்ளாகெல்லுமிலிருந்து படையோடு வந்த சொல். லூக்காவில் ரோமானிய ஆளுநர் பிலாத்து சொல்வதோ பைதெயோ: பிள்ளையைப் பயிற்றுவிப்பதற்கான வினை. சாட்டையடியைத் திருத்தம் என்று சொல்லும் அதிகாரத்தின் நாக்கு அதில் கேட்கிறது.

தெரோவின் பாதை வேறு. பலி விலங்கின் தோலை உரிப்பதைக் குறித்த அது, புதிய ஏற்பாட்டில் வெறும் அடியாகத் தேய்ந்துவிட்டது.

இவ்வினைகளின் உறவுச் சொற்களோ வெகுதூரம் போயின. தூப்தோவின் உறவான தூபோஸ் அடி பதித்த தழும்பு. யோவான் 20:25இல் ஆணி பதிந்த அடையாளம், ரோமர் 5:14இல் வரவிருப்பவருக்கு முன்மாதிரியான ஆதாம். ப்ளேஸ்ஸோவின் ப்ளேகே அடியையும் காயத்தையும் வாதையையும் ஒருங்கே குறித்தது. எரிகோ வழியில் கள்ளர் கையில் அகப்பட்டவன் பட்டதும் ப்ளேகே, வெளிப்படுத்தின விசேஷத்தின் ஏழு வாதைகளும் ப்ளேகே. மஸ்டிக்ஸும் அப்படியே நோயானது; மாற்கு 5இல் பெரும்பாடுள்ள ஸ்திரீ விடுபட்டது தன் ‘சாட்டை’யிலிருந்துதான். வெட்டுவதைக் குறித்த கொப்தோ, தன்னையே அடித்துக்கொள்ளும் வடிவில் மாரடித்து அழுவதாயிற்று. அதன் பெயர்ச்சொல்லான கொபோஸ், உடலை நொறுக்கும் உழைப்பு என்ற பொருளில், பவுலின் நிருபங்களில் ஊழியத்துக்கே வழக்கமான சொற்களில் ஒன்றாகியது.