தேசிகர் ஓட்டிய குதிரை

பூந்தமல்லிக்காரங்களுக்குத் திருக்கச்சி நம்பியைத் தெரியாமல் இருக்காது. இங்கே பிறந்து, காஞ்சி வரதராஜருக்கு விசிறி வீசியவர். அவர் வழியிலேயே நாமும் காஞ்சிக்குப் போனால் அங்கே தூப்புல். 1268-ல் வேதாந்த தேசிகர் பிறந்த இடம். ஆனா இன்னிக்குப் பேசப்போறது பக்தி இல்லீங்க, சதுரங்கக் குதிரை!

தேசிகர் ஒரே ராத்திரியில் பாடியதாகச் சொல்லப்படும் பாதுகா சகஸ்ரத்தில் 929, 930-ஆம் சுலோகங்களை எடுத்துக்குங்க. ஒவ்வொன்றிலும் 32 எழுத்து. 929-ஐ வரிக்கு எட்டாக நாலு வரி, அதாவது பாதி சதுரங்கப் பலகையில் எழுதணும். முதல் கட்டத்தில் கிளம்பி, எதையும் ரெண்டு தடவை மிதிக்காமல் குதிரை நடையில் 32 கட்டத்தையும் முடித்தால், வருவது 930!

காஷ்மீரத்து ருத்ரடர் இதே மாதிரி 9-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கார். ஆனா அவருடையதை நேரா படித்தாலும் குதிரை நடையில் படித்தாலும் ஒரே சுலோகம்தான். தேசிகருக்கு ரெண்டும் வேற வேற. ஒரு எழுத்தை மாற்றினால் ரெண்டு சுலோகமும் ஆட்டம் காணும். குதிரை, சந்தம், பொருள்னு மூணு பக்கமும் கட்டு.

இப்படிப் பல நிபந்தனைகளுக்குள்ள விடை தேடுவதற்குக் கணினித்துறையில் தனிப் பிரிவே இருக்கு. கண்மூடித்தனமாகத் தேடினால் விடியாது. 1823-ல் வார்ன்ஸ்டார்ஃப் என்ற ஜெர்மானியர் குதிரைக்கு ஒரு வழி சொன்னார்: அடுத்து போகக்கூடிய கட்டங்களில், எதிலிருந்து மேற்கொண்டு போக வழி ரொம்பக் குறைச்சலோ அங்கே முதலில் போ. ஏன்? மூலைக் கட்டத்துக்கு ரெண்டே வாசல். அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டால் ரெண்டும் அடைபட்டு அது அநாதையாயிடும். நடுக்கட்டத்துக்கு அந்த அவசரம் இல்லை. இந்த விதி எப்பவும் ஜெயிக்கும்னு உத்தரவாதம் கிடையாது. ஆனா பெரும்பாலும் தடம் காட்டும்.

1980-ல் ஹாராலிக், எலியட் ரெண்டு பேரும் இதே யோசனையைப் பொதுவாக்கினாங்க: தோற்க வாய்ப்பு அதிகமான இடத்தை முதலில் தொடு. தோற்பதானால் சீக்கிரம் தோற்று, திரும்பி வந்து வேற வழி பாக்கலாம். பள்ளிக்கூட டைம்டேபிள் போடும்போது, வாரத்தில் ரெண்டே நாள் வரும் வாத்தியாருக்கு முதலில் பீரியட் ஒதுக்குறோமே, அதே கணக்குதான்.

நம்ம ஊரில் இந்த ரெண்டு சுலோகத்தையும் அதிசயம்னு கும்பிட்டுட்டு நகர்ந்துடறோம். கும்பிடுங்க, தப்பில்லை. கூடவே ஒரு தாளில் 32 கட்டம் போட்டு குதிரையை நீங்களே ஓட்டிப் பாருங்க. பத்து கட்டம் தாண்டுறதுக்குள்ளயே அந்த மனுஷர் மேல மரியாதை இன்னும் கூடும்.