வேடம் தந்த புகழ்



பள்ளி ஆண்டு விழாவில் பாரதக் கதையை நாடகமாக நடிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். துரியோதனன் வேடம் புனைந்த மாணவன் மிக நன்றாக நடித்துவிட்டால் அவனுக்கு ஒரு தொல்லை உண்டு. அடுத்த ஆண்டும் அவ்வேடமே அவனைத் தேடி வரும். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, “ஐயா, இந்தத் தடவையாவது எனக்குத் தருமன் வேடம் கொடுங்கள்” என்று கண் கலங்கி நின்ற சிறுவன் ஒருவனைக் கண்டதுண்டு. ஆயினும் அவனுக்குப் பெருந்தீங்கு ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. அவன் நல்லவன் என்பதை வகுப்புத் தோழர் அறிவர். அவனைப் பெற்றவர்களை ஊரார் அறிவர். ஆனால் அவனையும் அவன் இனத்தாரையும் அறிய விரும்பாத ஓர் ஊரில், அந்த வேடமே அவனுடைய முகம் என்று மக்கள் கொண்டுவிட்டால் அவன் நிலை என்னாகும்? இவ்வினாவுக்கு விடையாக அமைந்தது செசூ ஹயகாவா என்னும் ஜப்பானிய நடிகரின் வாழ்க்கை.

அவர் அமெரிக்காவில் கால் வைத்தபோது அந்நாட்டில் நிலவிய சூழ்நிலையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். 1882ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு சீனத் தொழிலாளர் வருகையைத் தடை செய்தது. அவர்கள் செய்து வந்த வேலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. இருப்புப் பாதை போடவும், பழத்தோட்டங்களில் உழைக்கவும், மீன் பிடிக்கவும் ஜப்பானியர் கடல் கடந்து வந்தனர். உழைப்பை வரவேற்ற நாடு உழைத்தவர்களை வரவேற்கவில்லை. 1790ஆம் ஆண்டுச் சட்டம், வெள்ளையர்க்கே குடியுரிமை பெறும் தகுதி உண்டு என்றது. 1870இல் ஆப்பிரிக்க வழியினருக்கும் அத்தகுதி நீட்டிக்கப்பட்டது, ஆசியருக்கு இல்லை. 1906இல் சான் பிரான்சிஸ்கோ நகரப் பள்ளிக் குழுவினர் ஜப்பானியப் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகளிலிருந்து விலக்கித் தனிப் பள்ளிக்குச் செல்லுமாறு ஆணையிட்டனர். அப்பிள்ளைகளின் எண்ணிக்கை நூறைக்கூட எட்டவில்லை. இதனால் இரு நாடுகளுக்கும் இடையே மனக்கசப்பு முற்றி, 1907-08இல் ‘கனவான்கள் உடன்படிக்கை’ ஒன்று உண்டாயிற்று. ஆணை திரும்பப் பெறப்பட்டது. மாறாக, தொழிலாளர் அமெரிக்கா செல்வதை ஜப்பான் தானே நிறுத்திக்கொண்டது.

இத்தகைய காலத்தில் அமெரிக்கா சேர்ந்த இளைஞர் ஹயகாவா. இவர் 1886ஆம் ஆண்டு, ஜப்பானின் சீபா மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். இயற்பெயர் கிந்தாரோ. மீன்பிடித் தொழிலால் வளம் பெற்ற குடும்பம் அது. மகனைக் கடற்படை அதிகாரியாக்க வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். ஒரு நாள் நீரின் ஆழத்தில் மூழ்கியபோது அவருடைய செவிப்பறை கிழிந்தது. கடற்படைக் கனவும் அத்துடன் முடிந்தது. பின்னர் அவர் அமெரிக்கா சென்றார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றதாக அவர் பிற்காலத்தில் கூறியதுண்டு. ஆராய்ச்சியாளர் இதனை ஐயுறுகின்றனர். ஒருவர் தம்மைப்பற்றித் தாமே எழுதுவதையும் சான்றுகொண்டு நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பதை வரலாறு பயிலும் மாணவர்கள் இங்கே குறித்துக்கொள்க.

ஐயத்திற்கு இடமின்றி அவரை நாம் காண்பது லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஜப்பானியர் குடியிருப்பில். தம் இனத்தவர்க்காக அவர்கள் நடத்திய நாடகங்களில் அவர் நடித்து வந்தார். அவர் திறமையைத் தாமஸ் இன்ஸ் என்னும் படத் தயாரிப்பாளர் கண்டுகொண்டார். 1914இல் ‘தி டைபூன்’ முதலிய படங்களில் ஹயகாவா நடித்தார். அதே ஆண்டில் சுரு அயோகி என்னும் நடிகையை மணந்தார். சிறு வயதிலேயே ஒரு நாடகக் குழுவுடன் அமெரிக்கா வந்தவர் அவ்வம்மையார். கணவருக்கு முன்பே திரையில் பெயர் பெற்றவர்.

அது பேசாப்பட காலம். அயல்நாட்டு நடிகருக்கு மொழி ஒரு தடையாக இல்லை. அக்கால நடிகர் பலர் கைகளை வீசியும் கண்களை உருட்டியும் நடிப்பது வழக்கம். ஹயகாவா அசையாமல் நிற்பார். முகத்தில் ஒரு சிறு மாற்றம் தோன்றும். அரங்கில் இருந்தோர் மூச்சடங்கிப் பார்ப்பர். அந்த அடக்கமே அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது.

1915ஆம் ஆண்டு டிசம்பரில் செசில் டிமில் இயக்கிய ‘தி சீட்’ என்னும் படம் வெளிவந்தது. ‘ஏமாற்று’ என்பது அப்பெயரின் பொருள். ஆடம்பரத்தில் நாட்டங்கொண்ட ஒரு மாது, செஞ்சிலுவைச் சங்க நிதியாகத் தன்னிடம் இருந்த 10,000 டாலரை எடுத்து முதலீடு செய்து இழந்துவிடுகிறாள். செல்வந்தனான ஜப்பானியன் ஒருவன் தகாத நிபந்தனையோடு அத்தொகையைத் தருகிறான். அவள் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வரும்போது, தன் உடைமைகளில் முத்திரையிடும் சூட்டுக்கோலால் அவள் தோளில் சுட்டுவிடுகிறான். இறுதியில் நீதிமன்றத்தில் அவ்வடுவைக் கண்ட கூட்டம் அவன்மேல் பாய்கிறது. அந்தத் தீயவனாக நடித்தவரே ஹயகாவா.

படம் பெருவெற்றி பெற்றது. அமெரிக்காவில் மட்டுமன்றிப் பிரான்சிலும் அறிஞர்கள் அவர் நடிப்பைப் போற்றினர். பெண் இரசிகர் கூட்டம் பெருகிற்று. ஆசியர் ஒருவர் ஹாலிவுட்டின் முன்னணி நடிகராவது அதுவே முதன்முறை.

ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஜப்பானியர் மகிழவில்லை. அங்கு நடைபெற்று வந்த ‘ராஃபு ஷிம்போ’ என்னும் ஜப்பானியப் பத்திரிகை படத்தைக் கண்டித்தது. அவர்கள் அச்சத்திற்குக் காரணம் இருந்தது. குடியுரிமை பெறத் தகுதியில்லாத அயலார் விளைநிலம் வாங்கக் கூடாது என்று 1913இல் தான் கலிபோர்னியா சட்டம் செய்திருந்தது. அண்டை வீட்டு ஜப்பானியரோடு ஒரு சொல் பேசியறியாத வெள்ளையர் பலர், திரையில் கண்ட சூட்டுக்கோலை வைத்தே அவரை எடைபோடுவர் அல்லவா? ஹயகாவா அப்பத்திரிகை வாயிலாகத் தம் வருத்தத்தைத் தெரிவித்தார்.

பிறகு நடந்ததுதான் வியப்பு. 1918இல் அப்படம் மீண்டும் வெளியிடப்பட்டது. முதல் உலகப் போரில் ஜப்பான் நேச நாடுகளின் பக்கம் நின்ற காலம் அது. ஆகவே, எழுத்து அட்டைகளை மட்டும் மாற்றி, தீயவனைப் பர்மிய நாட்டுத் தந்த வணிகன் ஆக்கிவிட்டனர்! முகம் அதே முகம். உடையும் வீடும் அவையே. ஒரு நாட்டாரின் தலையிலிருந்த பழியை எடுத்து, எதிர்த்துக் கேட்க வலிமையில்லாத இன்னொரு நாட்டாரின் தலையில் வைத்தாயிற்று.

தமக்குக் கிடைக்கும் வேடங்கள் ஜப்பானியரின் இயல்பைப் பொய்யாகக் காட்டுகின்றன என்பதை ஹயகாவா உணர்ந்திருந்தார், வெளிப்படையாகவும் சொன்னார். 1918இல் ‘ஹாவொர்த்’ என்னும் படத் தயாரிப்பு நிறுவனத்தைத் தாமே தொடங்கினார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் இருபதுக்கு மேற்பட்ட படங்கள் வெளிவந்தன. அவற்றுள் 1919இல் வந்த ‘தி டிராகன் பெயிண்டர்’ சிறந்தது. மலைகளிடையே பித்தனைப்போலத் திரிந்து ஓவியம் தீட்டும் இளைஞன் ஒருவன், அன்பு கைகூடியதும் கலையை இழந்து, பின்னர் மீண்டும் பெறுகிறான். கணவனாக ஹயகாவாவும் மனைவியாகச் சுரு அயோகியும் நடித்தனர். சூட்டுக்கோல் பிடித்த கை அங்கே தூரிகை பிடித்தது.

எனினும் முழு விடுதலை கிட்டவில்லை. வெள்ளையருக்கும் ஆசியருக்கும் இடையிலான திருமணத்தைக் கலிபோர்னியச் சட்டம் ஏற்காத காலம் அது. ஆகவே கதைகளில் அவர் வெள்ளைப் பெண்ணைக் காதலித்தால் இறுதியில் விட்டுக்கொடுத்து விலக வேண்டும். இல்லையேல் இறக்க வேண்டும். திரையின் நாயகருக்கும் நாட்டின் சட்டம் எல்லை வகுத்தது.

அவ்வெல்லை நாளுக்கு நாள் இறுகிற்று. போர் முடிந்தது, நேச நாடு என்னும் உறவும் தளர்ந்தது. 1920ஆம் ஆண்டுத் தேர்தலில், கலிபோர்னியா வெள்ளையர்க்கே உரியதாக இருக்க வேண்டும் என்னும் முழக்கத்தோடு ஜேம்ஸ் ஃபீலன் என்னும் செனட்டர் வாக்குக் கேட்டார். அவர் தோற்றார், ஆயினும் நிலச் சட்டத்தைக் கடுமையாக்கும் தீர்மானத்தை வாக்காளர் அதே தேர்தலில் நிறைவேற்றினர். தம் படங்களை வெளியிட்டு வந்த நிறுவனத்துடனும் ஹயகாவாவுக்குப் பிணக்கு முற்றியது. படப்பிடிப்பின்போது தம் உயிருக்கே ஊறு செய்ய முயன்றதாகவும் அவர் பின்னாளில் கூறினார். 1922இல் அவர் ஹாலிவுட்டை விட்டு வெளியேறினார்.

அதே 1922ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தகாவோ ஓசாவா என்பவர் வழக்கில் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் கல்வி கற்று, ஆங்கிலமே பேசி, இருபது ஆண்டுகளாக அங்கே வாழ்ந்த அந்த ஜப்பானியர் வெள்ளையர் அல்லர். ஆதலின் குடியுரிமை பெற இயலாது என்பது தீர்ப்பு. மூன்று திங்கள் கழித்து, 1923 பிப்ரவரியில், பகத் சிங் திந்த் என்னும் பஞ்சாபியர் வழக்கிலும் இந்தியர்க்கு அதே கதவு அடைக்கப்பட்டது. 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஜப்பானியர் வருகையை முற்றிலும் தடுத்தது. ஹயகாவாவின் வீழ்ச்சியை ஒரு நடிகரின் தனிக் கதையாக மட்டும் நாம் கொள்ளக் கூடாது என்பதற்கு இவ்வாண்டுகளின் வரிசையே சான்று.

அதன்பின் அவர் பல நாடுகளில் அலைந்தார். 1923இல் பிரான்சில் நடித்துப் புகழ் பெற்றார். 1931இல் மீண்டும் ஹாலிவுட்டுக்கு வந்து ஒரு பேசும் படத்தில் நடித்தார். பழைய இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது பாரிசில் சிக்கிக்கொண்டு, நீர்வண்ண ஓவியம் தீட்டி விற்றுப் பிழைத்தார். மனைவி மக்கள் ஜப்பானில் இருந்தனர். அமெரிக்காவிலோ, 1942இல், மேற்குக் கடற்கரை ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு வாசலை விட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அம்மண்ணிலேயே பிறந்த அமெரிக்கக் குடிமக்கள்.

உலகம் அவரை மீண்டும் நினைத்தது 1957இல். டேவிட் லீன் இயக்கிய ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தில் போர்க்கைதி முகாமின் தலைவர் சைட்டோவாக நடித்தார். அப்பாலக் காட்சிகள் இலங்கையில், கிதுல்கல என்னும் ஊரில், களனி ஆற்றின்மீது எடுக்கப்பட்டன. அந்நடிப்புக்காக ஆஸ்கார் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. அப்போது அவர் வயது எழுபதைக் கடந்திருந்தது. கொடுமை செய்யும் ஜப்பானியன் என்னும் வேடமே மீண்டும் வந்தது. ஆனால் முதியவர் அதற்குள் அச்சத்தையும், அவமானத்தையும், தனிமையில் விடும் கண்ணீரையும் வைத்து நடித்தார்.

இப்படத்தைப்பற்றித் தமிழராகிய நாம் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. உண்மையான சயாம்-பர்மா இருப்புப் பாதையில் வேலை செய்ய மலாயா இரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர், பெருந்தொகையினர் மாண்டனர். படத்தின் கதையில் அவர்களுக்கு இடமில்லை. ஒருவரைத் தவறாகக் காட்டுவது ஒரு தீங்கு என்றால், காட்டாமலே விட்டுவிடுவதும் தீங்குதான்.

சுரு அயோகி 1961இல் மறைந்தார். ஜென் பௌத்தத்தில் ஈடுபட்டிருந்த ஹயகாவா 1973ஆம் ஆண்டு நவம்பரில் டோக்கியோவில் காலமானார். வெளிநாட்டில் பிறந்த ஜப்பானியர் அமெரிக்கக் குடியுரிமை பெற வழி பிறந்தது 1952இல் தான். அவர் ஹாலிவுட்டை விட்டுப் போய் முப்பது ஆண்டுகள் கழித்து.

தேசியச் செல்வமெனக் கருதித் தக்க படங்களைப் பாதுகாக்கும் பதிவேடு ஒன்று அமெரிக்காவில் உண்டு. 1993இல் ‘தி சீட்’ அதில் சேர்க்கப்பட்டது. 2014இல் ‘தி டிராகன் பெயிண்டர்’ சேர்ந்தது. பிறர் அவருக்குத் தந்த வேடம் முதலிலும், அவர் தமக்கென விரும்பிக் கொண்ட வேடம் இருபத்தோராண்டு கழித்தும் இடம்பெற்றன.

மாணவர்களே, தருமன் வேடம் கேட்ட சிறுவனைப்பற்றிச் சொன்னேன் அல்லவா? அவ்வேடத்தை அவனுக்குக் கொடுத்தோம். துரியோதனனாக நடித்த அளவுக்கு அவன் நன்றாக நடிக்கவில்லை, கைதட்டலும் குறைவுதான். ஆயினும் நாடகம் முடிந்து மேடையிலிருந்து இறங்கி வந்த அவன் முகத்தில் இருந்த நிறைவை நான் மறக்கவில்லை. ஹயகாவாவின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அம்முகமே என் நினைவுக்கு வருகிறது.