சளிக் குப்பி கடக்க வேண்டிய தூரம்

இந்தியாவில் 2019 முதல் 2021 வரை தேசியக் காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பு நடந்தது. அதில், நோய்க்கான அறிகுறி இருந்தவர்களில் 64 சதவீதத்தினர் எந்த மருத்துவரையும் நாடியிருக்கவில்லை. இருமலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதே பெரும்பாலோர் சொன்ன காரணம். மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் விசாரித்திருந்தால், கண்டறியப்பட்டவர்களில் 42.6 சதவீதத்தினர் விடுபட்டிருப்பார்கள் என்பதும் அப்போது தெரியவந்தது.

பரிசோதனை வசதியை அளக்க, மாவட்டத்துக்கு எத்தனை கருவி என்று எண்ணுவதே வழக்கம். இந்த அளவுகோல் போதாது. எவ்வளவு நல்ல கருவியானாலும், நோயாளி தேடி வரட்டும் என்று அது காத்திருக்கும்வரை நோயின் பெரும்பகுதி அதற்குத் தட்டுப்படாது.

நூறாண்டுக்கும் மேலாக ஏழை நாடுகள் நம்பியிருந்தது நுண்ணோக்கியை. ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறக்குறைய 5,000 முதல் 10,000 கிருமிகள் இருந்தால்தான் அதில் தெரியும். சளி கொடுக்க ஒரு நாள், முடிவு வாங்க இன்னொரு நாள் என்று அலையும் கூலித் தொழிலாளிக்கு, இலவசப் பரிசோதனையின் விலை அந்த நாள்களின் கூலி. 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவியைப் பரிந்துரைத்தது. இரண்டு மணி நேரத்துக்குள் கிருமி இருக்கிறதா என்பதோடு, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சொல்லும் கருவி அது. கோவாவைச் சேர்ந்த நிறுவனம் உருவாக்கிய ட்ரூநாட், மின்கலத்திலும் இயங்கும். அதற்கு 2020-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் கிடைத்தது.

கருவி மாறியதும் இறப்பு குறைந்ததா? தென்னாப்பிரிக்காவில் நடந்து 2015-இல் வெளியான எக்ஸ்டெண்ட் ஆய்வு இதைச் சோதித்தது. ஆறு மாதங்களில் நுண்ணோக்கிப் பிரிவில் 5.0 சதவீதத்தினரும் புதிய கருவிப் பிரிவில் 3.9 சதவீதத்தினரும் இறந்தனர். புள்ளியியல்படி இதை வேறுபாடாகக் கொள்ள முடியவில்லை. கருவிகள் ஆய்வுக்கூடங்களில் இருந்தன. சளி அங்கே போய் முடிவு திரும்பி வர வேண்டிய பழைய பாதை அப்படியே நீடித்தது.

அப்படியானால் பரிசோதனையை ஊருக்குள் கொண்டுபோனால்? சாம்பியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த சாம்ஸ்டார் ஆய்வு (2013) அதைச் செய்தது. ஊரைத் திரட்டி, விழிப்புணர்வு ஊட்டி, சளி கொடுப்பதை எளிதாக்கினார்கள். நோய்ப் பரவல் குறையவில்லை. அங்கே பயன்பட்டது நுண்ணோக்கி. சளி கொடுக்க முன்வர வேண்டியவர்களும் இருமலை உணர்ந்தவர்கள்தாம்.

வியட்நாமின் தென்கோடியில் உள்ள கா மாவ் மாகாணத்தில் இரண்டு தடைகளையும் ஒருசேர நீக்கினார்கள். மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு ஒருமுறை, ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். இருமல் உண்டா என்று கேட்கவே இல்லை. 15 வயதைத் தாண்டிய எல்லாரிடமும் சளி கேட்டு, ஜீன்எக்ஸ்பெர்ட்டில் சோதித்தார்கள். நான்காம் ஆண்டில், இப்படிச் சோதித்த ஊர்களில் லட்சம் பேருக்கு 126 பேரிடமும் மற்ற ஊர்களில் 226 பேரிடமும் நோய் இருந்தது. 2019-இல் வெளியான இந்த முடிவு 44 சதவீதக் குறைவைக் காட்டியது. தென்னாப்பிரிக்காவில் எச்ஐவி தொற்று மிகுதி என்பதால் மூன்று ஆய்வுகளையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. ஆனாலும், நல்ல கருவியும் வாசல்வரை போகும் கால்களும் சேர்ந்த இடத்தில்தான் பரவல் தெளிவாகக் குறைந்தது.

செலவு தாங்குமா என்பது நியாயமான கேள்வி. 2012 முதல் 9.98 டாலராக இருந்த, ஜீன்எக்ஸ்பெர்ட் சோதனைக்கான ஒரு காட்ரிட்ஜின் விலை, மருத்துவ அமைப்புகளின் நெடுநாள் வற்புறுத்தலுக்குப் பிறகு 2023 செப்டம்பரில்தான் 7.97 டாலராக இறங்கியது. எல்லாருக்கும் அதைச் செலவிடப் பல நாடுகளால் இயலாது. ஆகவே கையடக்க எக்ஸ்ரேயை முதல் சல்லடையாக வைத்து, சந்தேகத்துக்குரியவர்களின் சளியை மட்டும் ஜீன்எக்ஸ்பெர்ட் போன்ற மூலக்கூறு பரிசோதனைக்கு அனுப்பலாம். வாசலில் ஊழியர் வந்து நின்றால் தெரு பேசும் என்ற அச்சமும் பொய்யல்ல. ஒரு வீட்டை மட்டும் தட்டாமல் தெரு முழுவதையும் தட்டினால், யாரும் தனித்துச் சுட்டப்பட மாட்டார்கள்.

கண்டறிந்த பிறகும் பயணம் முடிவதில்லை. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானவுடன் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, நலிந்தவர்களை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். இவற்றுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. வீட்டு வாசலுக்குப் போகும் பழக்கமும், 2021 முதல் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுசெல்லும் மக்களைத் தேடி மருத்துவம் வழியாக இம்மாநிலத்துக்கு உண்டு.

மாவட்ட ஆய்வுக் கூட்டங்களில் கருவிகளின் எண்ணிக்கையோடு நான்கு எண்களையும் கேட்க வேண்டும்: இருமல் தொடங்கி சளி கொடுக்கும்வரை எத்தனை நாள், சளியிலிருந்து முடிவுக்கு எத்தனை நாள், முடிவிலிருந்து முதல் மாத்திரைக்கு எத்தனை நாள், கண்டறியப்பட்டவர்களில் அறிகுறியே இல்லாதவர்கள் எத்தனை பேர். நான்காவது எண் பூஜ்யமாக இருக்கும் மாவட்டத்தில், ஊழியர்கள் இன்னும் வாசலுக்குப் போகத் தொடங்கவில்லை.